இந்த ஓட்டம் எத்தனை சீசன் தாங்கும்? ஒரு மேனேஜரைக் கணிக்கும் முறை

ஒரு கால்பந்து அணிக்குப் புதிய மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) வருகிறார். முதல் பத்து ஆட்டங்களில் அணி பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது. எதிரணி கோல்கீப்பர் காலில் பந்து வந்தால்கூட மூன்று பேர் பாய்கிறார்கள். ரசிகர்கள் குதிக்கிறார்கள். "இதெல்லாம் மார்ச் வரைக்கும்தான், அப்புறம் பாரு" என்று சொல்ல ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் என் மச்சான். அவர் மான்செஸ்டர் யுனைடெட், நான் லீட்ஸ். மார்செலோ பியெல்சா லீட்ஸில் இருந்த காலம் முழுக்க அவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அணி சரியத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. "ஓடி ஓடித் தேய்ந்துவிட்டார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால், புள்ளிப் பட்டியல் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளை ஓட வைப்பதுதான் வேலை. ஓட வைப்பது சுலபம். எப்போது நிறுத்தச் சொல்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரிய மேனேஜர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்: இவர் அணியை எவ்வளவு ஓட வைக்கிறார் என்று கேட்பதில்லை, இவருடைய திட்டத்தில் ஓய்வு எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன். கீழே சொல்லியிருப்பது எல்லாம் அந்தத் தேடல்தான்.

ஐந்து நொடி எண்ணுங்கள்

உங்கள் அணி எதிரணிப் பாதியில் பந்தை இழக்கும் கணத்தில் மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். முதல் ஐந்து நொடி எல்லோரும் விரட்டுவார்கள். கவுன்ட்டர் பிரஸ் என்கிறோமே, அது. அதில் உங்களுக்கு வேலை இல்லை. ஆறாவது நொடியிலிருந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்து திரும்பக் கிடைக்கவில்லை என்றால் சில அணிகள் சட்டென்று விட்டுவிட்டுப் பின்வாங்கி, இரண்டு வரிசையாக நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும். சில அணிகள் பத்து, பதினைந்து நொடி ஆனாலும் விரட்டிக்கொண்டே இருக்கும். முதல் வகை நீடிக்கும். இரண்டாம் வகைக்குத் தனி ஏற்பாடு ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் கஷ்டம்.

இதை முதல் இருபது நிமிடத்தில் ஒருமுறையும், 65ஆவது நிமிடத்துக்கு மேல் ஒருமுறையும் செய்து ஒப்பிடுங்கள். களைத்த அணி பிரஸ் செய்வதையே, அதாவது எதிரியை நெருக்கி விரட்டுவதையே, நிறுத்திவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. முன்வரிசை பழக்கத்தில் பாய்ந்துவிடும், நடுவரிசைக் கால் வராது. நடுவே முப்பது மீட்டர் வெற்றிடம் திறக்கும். அரைகுறை பிரஸ்ஸிங்கைவிட பிரஸ்ஸே செய்யாமல் பின்னால் நிற்பது மேல். அரிகோ சாக்கி ஏசி மிலானில் முன்கள வீரருக்கும் கடைசி டிஃபெண்டருக்கும் இடையே 25 மீட்டர்தான் இருக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டது இதற்காகத்தான். இடைவெளி சின்னதாக இருந்தால் ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தூரமும் குறைகிறது. பார்க்கிறவருக்கு வெறித்தனமாகத் தெரியும், ஆடுகிறவருக்கு அவ்வளவு செலவு இல்லை.

இன்னொன்றையும் கூடவே கவனியுங்கள். ஒவ்வொரு வீரரும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாரா, அல்லது தன் பகுதியைக் காக்கிறாரா? பகுதியைக் காக்கும் அணி பந்து போகும் பக்கம் மொத்தமாக நகரும், எல்லோருக்கும் சின்னச் சின்ன ஓட்டம். ஆளுக்கு ஆள் பிடிக்கும் அணியில் நீங்கள் எங்கே ஓட வேண்டும் என்பதை எதிரி தீர்மானிக்கிறான். அவன் வேண்டுமென்றே உங்களை மைதானத்தின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போவான். பியெல்சாவின் முறை இது. ஜான் பியெரோ காஸ்பெரினியுடையதும் இதுதான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓய்வு எங்கே இருக்கிறது?

நான் பார்த்தவரை ஓய்வு நாலு இடத்தில்தான் இருக்க முடியும்.

ஒன்று, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பது. பெப் கார்டியோலாவின் அணிகள் பந்தை இழந்ததும் நாய் மாதிரி துரத்தும். ஆனால் கிடைத்த பிறகு நாற்பது பாஸ் போட்டு எதிரியை ஓட விட்டுத் தாங்கள் நடக்கும். அவர் மான்செஸ்டர் சிட்டியில் இத்தனை வருடம் ஓட்டியதற்கு இது பெரிய காரணம். யுர்கன் க்ளாப்பும் இந்தப் பக்கம் நகர்ந்தவர்தான். ஜெர்மனியின் டார்ட்மண்டில் தன் ஆட்டத்தை ஹெவி மெட்டல் இசையோடு ஒப்பிட்டவர், 2020இல் லிவர்பூலுக்கு, பாஸ் போடுவதில் கெட்டிக்காரரான தியாகோவை வாங்கினார். தியாகோ துரத்துவதற்காக வாங்கப்பட்ட ஆள் இல்லை.

இரண்டு, பந்து இல்லாமல் ஓய்வெடுப்பது. டியேகோ சிமியோனி 2011 டிசம்பரில் அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு வந்தார். பத்தாண்டுக்கு மேல் அதே பெஞ்ச், அதே கறுப்பு உடை, அதே கத்தல். பார்ப்பவருக்கு அவர்தான் தீவிரத்தின் உருவம். ஆனால் அவருடைய அணி ஆட்டத்தின் பெரும்பகுதி தன் பெனால்டி பெட்டிக்கு முன்னால் நெருக்கமாக நின்று பக்கவாட்டில் நகரும். எப்போது பாய வேண்டும் என்பதற்குத் தருணம் இருக்கிறது, எப்போதும் பாய்வதில்லை. மேனேஜர் கோட்டுக்கு வெளியே துள்ளுவதை வைத்து அணியின் உழைப்பை எடை போடாதீர்கள்.

மூன்றாவது இடம் நாட்காட்டி. ஐரோப்பியப் போட்டி இல்லாத அணிக்கு வாரத்துக்கு ஒரு ஆட்டம், நடுவே முழு வாரப் பயிற்சி. அந்தோனியோ கொன்டேயின் செல்சி 2016-17இல் 93 புள்ளி எடுத்துச் சாம்பியன் ஆனபோது ஐரோப்பாவில் ஆடவில்லை. அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக் சேர்ந்துகொண்டது, லீக்கில் ஐந்தாம் இடம். (கொன்டே முழுநேரப் பிரஸ்ஸிங்காரர் அல்ல, ஆனால் ஆளைப் பிழிவதில் யாருக்கும் குறைந்தவர் அல்ல.) போர்ன்மத்தில் அந்தோனி இராவோலா மூச்சுவிடாத ஆட்டம் ஆட வைத்து, 2023-24இல் 48 புள்ளி, 2024-25இல் 56 புள்ளி என்று ஏறினார். அந்த இரண்டு சீசனிலும் அவர்களுக்கு ஐரோப்பிய ஆட்டம் கிடையாது. ஆக, ஒரு மேனேஜரின் வெற்றியைப் பார்த்ததும் அந்த ஆண்டு அவர் அணி எத்தனை ஆட்டம் ஆடியது என்று எண்ணுங்கள். 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டமே ஆறிலிருந்து எட்டு ஆட்டமாகிவிட்டது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நாலாவது, ஆள் மாற்றம். இங்கேதான் காஸ்பெரினி.

பியெல்சாவும் காஸ்பெரினியும்

காஸ்பெரினி 2016இல் இத்தாலியின் அதலாண்டாவுக்கு வந்து 2025 வரை ஒன்பது சீசன் இருந்தார். ஆளுக்கு ஆள் பிடிக்கும் ஆட்டம், மூச்சு முட்டும் பயிற்சி. "மூணு வருஷத்துக்கு மேல தாங்காது" என்ற கணக்குப்படி அவர் 2019இல் காலியாகியிருக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் அணி முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. 2019-20இல் இத்தாலிய லீக்கான சீரி ஆவில் 98 கோல். 2024இல் டப்ளினில் லெவர்குசனை 3-0 என்று அடித்து யூரோப்பா லீக், மூன்று கோலும் லுக்மன்.

எப்படித் தாங்கியது? பல வீரர்கள் தாங்க வேண்டியிருக்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார்கள். கெஸ்ஸியே, பஸ்தோனி, குலுசெவ்ஸ்கி, ரொமேரோ, கோசன்ஸ், ஹோய்லண்ட், கூப்மைனர்ஸ் என்று கிளப் விற்றுக்கொண்டே இருந்தது, புதுக்கால்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தன. விற்றது பணத்துக்காக. ஆனால் பலன் ஆட்டத்துக்கும் சேர்ந்தது: சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த ஓட்டத்தை ஆறேழு வருடம் ஓட வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரே குரலை அத்தனை வருடம் கேட்க வேண்டியும் வரவில்லை.

பியெல்சாவின் கதை நேர் எதிர். 2018இல் லீட்ஸுக்கு வந்தார். முதல் சீசன் மச்சான் சொன்னபடியேதான் போனது: பிரீமியர் லீக்குக்கு நேரடித் தகுதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கடைசி நாலு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, பிளே-ஆஃபில் டார்பி கவுன்ட்டியிடம் தோல்வி. 2014-15இல் அவருடைய மார்செய் பாதி சீசனில் முதலிடத்தில் இருந்து நாலாவதாக முடித்ததையும், 2011-12இல் அத்லெடிக் பில்பாவோ இரண்டு கோப்பை இறுதிகளிலும் 3-0 என்று தோற்றதையும் சேர்த்துக்கொண்டால் மச்சானின் வழக்கு ஜெயித்தது போலத் தெரியும்.

ஆனால் 2019-20இல் லீட்ஸ் 93 புள்ளியுடன் சாம்பியன்ஷிப்பை (இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்) வென்றது. பதினாறு ஆண்டு கழித்து மேலே வந்தது. சரி, அந்த ஆண்டு கோவிட் இடைவெளி வந்து கால்களுக்கு ஓய்வு கொடுத்தது என்று வாதிடலாம், நியாயம்தான். 2020-21க்கு அந்தச் சாக்கு இல்லை. பிரீமியர் லீக்கில் 59 புள்ளி, ஒன்பதாம் இடம், அதுவும் கடைசி நாலு ஆட்டத்தையும் வரிசையாக வென்று. மூன்றாவது சீசன் மே மாதத்தில் இப்படி முடிக்கும் அணியை ஓடித் தேய்ந்த அணி என்று எப்படிச் சொல்வது?

உடைந்தது நாலாவது சீசனில். பியெல்சாவுக்குச் சின்ன அணிதான் பிடிக்கும். முக்கியமான கொஞ்சம் பேர், பின்னால் பையன்கள். 2021 கோடையிலும் அணி பெரிதாக மாறவில்லை. அந்த டிசம்பரில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் கால்வின் ஃபிலிப்ஸுக்கும் லியம் கூப்பருக்கும் ஹேம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) போனது. கடைசி நேரத்தில் சமன் செய்த பேம்ஃபோர்டு கொண்டாடும்போது தன்னுடையதையும் இழுத்துக்கொண்டார். முதுகெலும்பே போன அணி அதே மாதிரி ஆளுக்கு ஆள் விரட்டியது. 2022 பிப்ரவரியில் ஐந்து ஆட்டத்தில் 20 கோல் வாங்கியது. மாதம் முடிவதற்குள் பியெல்சா வெளியே.

அதனால் உங்கள் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முக்கியமான மூன்று பேர் ஒரே வாரத்தில் விழுந்தால் அவர் ஆட்டத்தை மாற்றுவாரா, ஆளை மாற்றுவாரா, இரண்டையும் மாற்றாமல் இருப்பாரா? மூன்றாவது பதில் வந்தால் கவலைப்படத் தொடங்கலாம்.

காயப் பட்டியலைப் படிக்கும் விதம்

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள். யாரோ மேலே விழுந்து முழங்கால் திரும்பினால் அது ஆட்டமுறையின் குற்றமில்லை. 2020 அக்டோபரில் வான் டைக்குக்கு நடந்தது அப்படிப்பட்டது. யாரும் தொடாமல், ஓட்டத்தின் நடுவில் ஒருவர் தொடைக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டால் அதை எழுதி வையுங்கள். ஹேம்ஸ்ட்ரிங் உச்ச வேகத்தில்தான் அதிகம் கிழிகிறது, குறிப்பாகக் கால் முன்னே நீளும் கணத்தில். களைத்த தசைக்கு அந்த இழுவையைத் தாங்கும் வலு குறைவு. ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் திரும்ப வந்தால் அவசரப்பட்டு இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பள்ளிப் பையன்களிலேயே இதைப் பார்க்கிறேன், "வலி போயிடுச்சு சார்" என்பான், தசைக்கு அது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான ஊஃபா நடத்தும் கிளப் காய ஆய்வின்படி, மொத்தக் காயங்களில் ஹேம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02இல் 12 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 24 சதவீதம். எல்லா அணியும் வேகமாகிவிட்டது. உங்கள் அணியில் மூன்று பேருக்கு வந்ததும் மேனேஜர் மேல் பாயாமல், அதே அளவு ஆட்டம் ஆடும் வேறு அணிகளோடு ஒப்பிடுங்கள்.

எண்களை அதிகம் நம்ப வேண்டாம். மொத்தம் ஓடிய கிலோமீட்டர் ஏமாற்றும். பந்து கிடைக்காத அணிகூட நிறைய ஓடும். ஒரே எண் வேண்டும் என்றால் பி.பி.டி.ஏ. பாருங்கள். எதிரணி தன் பக்க அறுபது சதவீத மைதானத்தில் போடும் பாஸ்களை, அங்கே உங்கள் அணி செய்யும் டேக்கிள், இடைமறிப்பு, ஃபவுல் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. எண் சின்னதாக இருந்தால் விரட்டல் அதிகம். அண்டர்ஸ்டாட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த அணியோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் அணியின் அக்டோபர் எண்ணை அதன் பிப்ரவரி எண்ணோடு வையுங்கள். ஏறியிருந்தால் இரண்டு விளக்கம் உண்டு: களைத்துவிட்டார்கள், அல்லது மேனேஜர் வேண்டுமென்றே தணித்திருக்கிறார். எது என்று தெரிய மேலே சொன்ன 65ஆவது நிமிடச் சோதனைக்குத் திரும்புங்கள். எல்லோரும் சேர்ந்து பின்னால் நின்றால் திட்டம், பாதிப் பேர் மட்டும் நின்றால் களைப்பு.

கோடைக்காலத்தில் ஒரு நாள் உட்காருங்கள்

வீரர்களை வாங்கி விற்கும் ட்ரான்ஸ்ஃபர் காலம் முடிந்ததும் நடுவரிசை வீரர்களின் வயதை மட்டும் எழுதுங்கள். மற்ற இடங்கள் பரவாயில்லை. பிரஸ்ஸிங் அணியில் முதலில் விரிசல் விடுவது நடுவரிசைதான்.

லிவர்பூல் 2021-22இல் ஆட முடிந்த எல்லா ஆட்டத்தையும் ஆடியது, 63. லீக்கில் 92 புள்ளி. அடுத்த ஆகஸ்டில் ஹெண்டர்சனுக்கு 32, தியாகோவுக்கு 31, மில்னருக்கு 36. அந்த நடுவரிசையோடு 67 புள்ளி, ஐந்தாம் இடம். க்ளாப் முடிந்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். 2023 கோடையில் மக் அலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் வந்தார்கள். மேனேஜரும் ஆட்டமுறையும் அப்படியே இருக்க, 82 புள்ளி. தேய்ந்தது என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

டார்ட்மண்டில் க்ளாப்பின் 2014-15 இவ்வளவு சுலபமில்லை. பிப்ரவரியில் பட்டியலின் அடியில் இருந்து ஏழாவதாக முடித்தார்கள். கோல் அடிக்கும் லெவண்டோவ்ஸ்கி போய்விட்டார், உலகக் கோப்பையிலிருந்து பலர் தாமதமாகத் திரும்பினார்கள். அதோடு எதிரணிகள் பந்தை டார்ட்மண்டிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காரக் கற்றுக்கொண்டன. விரட்டப் பந்தே இல்லை என்றால் விரட்டுகிற அணி என்ன செய்யும்? இதைக் களைப்பு என்று எழுதிவிடாதீர்கள். எதிரிக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். மருந்தும் வேறு.

காது களைப்பது

கால்பந்து உலகில் பழைய ஹங்கேரியப் பயிற்சியாளர் பேலா குட்மன் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு: மூன்றாவது சீசன் ஆபத்தானது. அவர் சொன்னது கால்களைப் பற்றி என்று நான் நினைக்கவில்லை.

சாக்கியின் மிலான் 1988இல் லீக், 1989, 1990இல் ஐரோப்பியக் கோப்பை. 1991இல் அவர் போனபோது வீரர்களுக்கு அந்த ஓயாத பயிற்சியும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சலித்துப்போயிருந்தது. ஃபாபியோ கப்பெல்லோ வந்தார். ஏறக்குறைய அதே வீரர்கள். அவர் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். 1991-92 லீக் முழுக்கத் தோல்வியே இல்லை, அதிலிருந்து தொடர்ந்து மூன்று பட்டம். கால்கள் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

க்ளாப் 2024 ஜனவரியில் தனக்குச் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, சீசன் முடிவில் விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட்டுக்குப் புதிதாக ஒரே ஒரு களவீரர், கியேசா, அவரும் அதிகம் ஆடவில்லை. கொஞ்சம் நிதானமாகப் பந்தைப் பிடித்து ஆடி, 84 புள்ளியோடு 2024-25 பட்டம்.

இதைக் கணிக்க எண் எதுவும் உதவாது. கோல் வாங்கியதும் வீரர்கள் பெஞ்சைப் பார்க்கிறார்களா, ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். மாற்றப்பட்டு வெளியே வருபவர் மேனேஜரின் கையைப் பார்க்காமல் தட்டிவிட்டுப் போவது ஒருமுறை நடந்தால் கோபம். மாதக்கணக்கில், வெவ்வேறு ஆட்கள் செய்தால் குறித்துக்கொள்ளுங்கள். மேனேஜரின் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவரும் ஓடுகிறார்.

இந்த முறைக்கு அடங்காத ஆளும் உண்டு. ஆஞ்சி பொஸ்டெகோக்லூ டாட்டனமில் முதல் பத்து லீக் ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தார். 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக ஒன்பது பேராகச் சுருங்கிய பிறகும் டிஃபென்ஸை நடுக்கோட்டருகே நிறுத்தினார், 4-1 தோல்வி, அதே ஆட்டத்தில் வான் டி வெனுக்கு ஹேம்ஸ்ட்ரிங். 2024-25இல் லீக்கில் 22 தோல்வி, பதினேழாம் இடம். என் கேள்விகள் எல்லாவற்றிலும் தோற்றவர் என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அதே சீசனில் யூரோப்பா லீக்கின் கடைசிக் கட்டங்களில் அவர் அணியைப் பின்னால் நிறுத்தி, பந்தை எதிரியிடம் விட்டு ஆடினார். 2025 மே 21, பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். பதினாறு நாளில் வேலை போனது. யுனைடெட் தோற்றதால் மச்சான் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை, அதனால் இந்த வழக்கு இன்னும் எங்களுக்குள் நிலுவையில்தான் இருக்கிறது.